ஷாக்குக்கும் மருந்துக்கும் அடங்காத இதயத் துடிப்பு

இதய அறுவை சிகிச்சையின்போது துடிப்பு ஒழுங்கு தவறுவது புதிதல்ல. அறுவை அரங்கில் நாள்தோறும் ஏதேனும் ஒரு வடிவில் அதைக் காண்கிறோம். அறுவை மருத்துவரின் விரல் இதயத்தைச் சற்றே புரட்டினால் ஓரிரு மிகைத் துடிப்புகள் தோன்றும். வலது மேலறையில் குழாய் பொருத்தும்போது மேலறை நடுங்கத் தொடங்கும். நுரையீரல் தமனிக்குச் செல்லும் கதீட்டர் வலது கீழறையைக் கடக்கும் சில நொடிகளில் மானிட்டரில் அகன்ற துடிப்புகள் வரிசையாக ஓடும். கையோ கருவியோ விலகியதும் இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே அடங்கிவிடும்.

நான் எழுத நினைப்பது அடங்காதவற்றைப் பற்றி. ஷாக் எனும் மின் அதிர்ச்சி கொடுத்தாயிற்று, மீண்டும் கொடுத்தாயிற்று, துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்துகளான லிடோகைனும் அமியோடரோனும் உள்ளே போய்விட்டன. அப்போதும் கீழறை நடுங்கிக்கொண்டே இருக்கிறது, அல்லது ஓரிரு நல்ல துடிப்புகளுக்குப் பின் மறுபடி நடுக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. இதய அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, அந்த நிலையில் "அடுத்து எந்த மருந்து" என்று கேட்பதைவிட "ஏன் அடங்கவில்லை" என்று கேட்பதே பலன் தரும் என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டு வருகிறது. ஷாக்குக்கு அடங்காத இதயத்தில் பெரும்பாலும் ஷாக்கால் தீர்க்க முடியாத ஒரு குறை இருக்கும். உடல் இன்னும் குளிர்ந்திருக்கலாம்; தசைக்குப் போகும் இரத்தம் போதாமல் இருக்கலாம்; கீழறை விரிந்து வீங்கியிருக்கலாம்; இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரித் தமனிக்குள் காற்று புகுந்திருக்கலாம்; பொட்டாசியம் அளவு மாறியிருக்கலாம். அந்தக் குறை நீங்காதவரை எத்தனை முறை ஷாக் தரும் பேடிலை வைத்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்.

இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படும் கட்டம், பெருந்தமனியை அடைத்திருந்த கிளாம்பை எடுத்த பிறகு வரும் சில நிமிடங்கள். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஓர் இளம்பெண்ணின் மேலறைச் சுவரில் இருந்த துளையை வெற்றிகரமாக மூடினார். 1955-இல் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட் கொண்டு இதயத்தை வேண்டும்போது நிறுத்தும் முறையை அறிவித்தார். இன்றைய முறையும் அடிப்படையில் இதுதான். பெருந்தமனியைக் கிளாம்ப் கொண்டு அடைத்து, பொட்டாசியம் மிகுந்த கார்டியோப்ளீஜியா கரைசலைக் கரோனரித் தமனிகளுக்குள் செலுத்தினால் இதயம் தளர்ந்து நின்றுவிடும். உடலின் மற்ற உறுப்புகளுக்கு இயந்திரம் இரத்தம் அனுப்பிக்கொண்டிருக்க, இதயத் தசை மட்டும் புது இரத்தமின்றி, குறைந்த தேவையோடு காத்திருக்கும். வேலை முடிந்து கிளாம்பை எடுக்கும்போது வெதுவெதுப்பான இரத்தம் கரோனரித் தமனிகளுக்குள் பாய்கிறது, பொட்டாசியம் கழுவப்பட்டு வெளியேறுகிறது, இதயம் மெல்ல விழித்துக்கொள்கிறது. சில இதயங்கள் நேராகத் தமது இயல்பான துடிப்புக்கு வந்துவிடும். பல இதயங்கள் முதலில் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் எனும் கீழறை நடுக்கத்தில்தான் கண் திறக்கின்றன, ஏனெனில் இரத்தம் மீண்டும் பாயும்போது தசையின் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் சூடேறுவதில்லை, பொட்டாசியமும் எல்லா இடங்களிலிருந்தும் ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை, செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிச் சேர்கிறது.

திறந்த மார்பில் இந்த நடுக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. கீழறையின் மேற்பரப்பு முழுவதும் புழுக்கள் நெளிவது போல அசைந்துகொண்டிருக்கும். அசைவு இருக்கும், அடிப்பு இருக்காது. அதே நடுக்கம் எல்லா நேரங்களிலும் ஒரே தோற்றத்தில் இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல இரத்த ஓட்டமுள்ள, சூடேறிய தசையில் நெளிவு முரட்டுத்தனமாகவும் வேகமாகவும் இருக்கும், ஈ.சி.ஜி. அலைகள் உயரமாக இருக்கும். பசித்துக் கிடக்கும் தசையில் அது மெலிந்து, மேற்பரப்பில் ஒரு மினுமினுப்பாக மட்டும் தெரியும். அலைகள் கோட்டோடு ஒட்டிக் கிடக்கும். முன்னதற்கு ஷாக் பெரும்பாலும் பலிக்கும். பின்னதற்குக் கொடுப்பது வீண், பல நேரங்களில் தீங்கும்கூட. மெலிந்த நடுக்கத்தை முரட்டு நடுக்கமாக மாற்றுவதுதான் அங்கே முதல் வேலை, அதை இரத்த ஓட்டம்தான் செய்யும்.

சாலையிலோ வார்டிலோ கீழறை நடுக்கம் வந்தால் ஒவ்வொரு நொடியும் மூளையைக் காப்பதற்கான போராட்டம். பைபாஸில், அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்தில், இருக்கும்போது நிலைமை வேறு. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போகிறது. நமக்கு நேரம் இருக்கிறது. இந்த நேரத்தை உணராமல், தெருவில் விழுந்தவருக்குச் செய்வது போல அடுத்தடுத்து ஷாக் கொடுப்பதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். ஒவ்வொரு ஷாக்கும் தசைக்குச் சிறிதேனும் காயம் ஏற்படுத்துகிறது, காயமடைந்த தசை மேலும் எளிதாக நடுங்குகிறது. அதே வேளை, நடுங்கும் இதயத்தை அப்படியே விட்டுவைத்துப் பொறுத்திருப்பதும் கூடாது. நடுங்கும் தசை, காலியாகத் துடிக்கும் தசையைவிட அதிக ஆக்சிஜன் கேட்கிறது. கீழறையின் உட்புற அடுக்குக்கு இரத்தம் போவது தடைபடுகிறது. கீழறை நிரம்பி விரிந்தால் அந்தத் தடை இரட்டிப்பாகிறது. ஆகவே நேரம் இருக்கிறது, ஆனால் அது காரணத்தைத் தேடுவதற்கான நேரம்.

1947-இல் கிளீவ்லாந்தில் குளோட் பெக் என்ற அறுவை மருத்துவர், மார்பெலும்பு அறுவைக்குப் பின் இதயம் நின்றுபோன 14 வயதுச் சிறுவனின் மார்பைத் திறந்து, கையால் இதயத்தைப் பிசைந்து, பின்னர் இதயத்தின் மேலேயே மின்வாய்களை வைத்து நடுக்கத்தை நீக்கினார். மனிதரில் வெற்றி பெற்ற முதல் டிஃபிப்ரிலேஷன் அது. சிறுவன் முழுமையாகத் தேறினான். வரலாறாகச் சொல்லும்போது மின்கருவியைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அந்தக் கருவி வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம் அளவுக்குக் கையால் பிசைந்து கரோனரித் தமனிகளில் இரத்த ஓட்டத்தை அவர் காப்பாற்றி வைத்திருந்தார் என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்தக் கைகள் ஊட்டி வைத்திருந்த தசையில்தான் ஷாக் பலித்தது.

இன்றும் பயன்படுவது அதே வழிதான்: கரண்டி வடிவிலான இரண்டு உள் பேடில்கள், உப்புநீரில் நனைத்து, ஒன்றை வலது மேலறைப் பக்கமும் மற்றொன்றை இடது கீழறையின் பின்புறமும் வைத்து, இதயம் நடுவில் இருக்கும்படி பிடித்தல். தசைக்கு நேராகக் கொடுப்பதால் 10 முதல் 20 ஜூல் போதும். மார்பின் மேல் வைத்துக் கொடுக்கும்போது தேவைப்படும் 150, 200 ஜூலோடு இதை ஒப்பிட முடியாது. பேடில் தசையோடு முழுமையாக ஒட்டவில்லையென்றால் தொடும் இடம் மட்டும் வெந்துபோகும், நடுக்கம் அப்படியே இருக்கும். எனவே பலிக்காத முதல் ஷாக்குக்குப் பிறகு ஜூலைக் கூட்டுவதற்கு முன், பேடில் எங்கே இருந்தது என்று கேட்பது நல்லது. முன்பே அறுவை நடந்து, இதயம் சுற்றிலும் ஒட்டிக் கிடக்கும் நோயாளிகளிலும், சிறு துளை வழியாக நடக்கும் அறுவைகளிலும் உள் பேடில் உள்ளே போகவே போகாது. அவர்களுக்கு மயக்கம் கொடுத்த உடனேயே, துணி விரிப்பதற்கு முன்பே, மார்பின் முன்னும் பின்னும் ஒட்டும் பேடுகளைப் பொருத்திவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தேவைப்படும் நேரத்தில் அந்த முதுகை யாராலும் தொட முடியாது.

இரண்டு ஷாக்குகள் பலிக்கவில்லை என்றால் நான் அந்த இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டின் பக்கம் திரும்புவேன். "பிரஷரை 75-க்கு மேல் கொண்டுவாருங்கள், டெம்பரேச்சர் எவ்வளவு, ஒரு பிளட் கேஸ் எடுத்துப் பாருங்கள்" என்பதுதான் பெரும்பாலும் என் வாயிலிருந்து வரும் முதல் சொற்கள். கரோனரித் தமனிகளுக்கு இரத்தம் போவது பெருந்தமனியின் அழுத்தத்தால்தான். பைபாஸில் சராசரி அழுத்தம் 50-இல் கிடக்கும்போது தடித்த கீழறைச் சுவரின் உட்புறத்துக்கு எதுவும் போய்ச் சேராது. அழுத்தத்தை உயர்த்திவிட்டு இரண்டு மூன்று நிமிடங்கள் இதயத்தைத் தொடாமல் விடுவது, அந்த நேரத்தில் நாம் கொடுக்கக்கூடிய எந்த மருந்தையும்விடச் சிறந்த மருந்தாக அமைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெப்பநிலையும் அப்படியே. சுமார் 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதயம் தானாகவே நடுங்கத் தொடங்கும், 30-க்குக் கீழே ஷாக் நிலைத்துப் பலிப்பது அரிது. உடல் வெப்பமானியில் 34 காட்டினாலும், பனிக்கட்டிக் கூழ் வைத்திருந்த இதயத்தின் கீழ்ப்புறம் இன்னும் குளிர்ந்திருக்கலாம். ஓர் அறுவை மருத்துவர் வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பது வீண் தாமதமாகாது.

இரத்தப் பரிசோதனையில் முதலில் தேடுவது பொட்டாசியம். கார்டியோப்ளீஜியா பலமுறை கொடுத்த பிறகு, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதான நோயாளிகளில், அது லிட்டருக்கு 6 மில்லிமோலைத் தாண்டிப் போயிருக்கும். அங்கே பெரும்பாலும் நடுக்கத்தைவிட மந்தமான, அகன்ற துடிப்போ முழு நிறுத்தமோதான் பிரச்சினை. குளுக்கோஸோடு இன்சுலினும், இயந்திரத்தில் இணைத்த வடிகட்டி வழியான நீர் நீக்கமும் அதைச் சரிசெய்யும். கால்சியம் உடனடிக் காப்பு தருவது உண்மையே. எனினும் கிளாம்பை எடுத்த முதல் சில நிமிடங்களில் அதைக் கொடுக்க நான் தயங்குவேன், ஏனெனில் அப்போது செல்கள் ஏற்கனவே கால்சியத்தால் திணறிக்கொண்டிருக்கின்றன. பொட்டாசியம் குறைந்திருந்தால் நடுக்கம் அடங்கவே அடங்காது. மெக்னீசியம் குறைந்திருந்தால் கொடுக்கும் பொட்டாசியமும் செல்லுக்குள் தங்காது. இரண்டு கிராம் மெக்னீசியம் சல்ஃபேட் கொடுப்பதால் இழப்பு எதுவும் இல்லை என்பதால், அளவு தெரிவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிடுவதில் எனக்கு மனத்தடை இல்லை.

அடுத்தது விரிவு. இதை மானிட்டர் காட்டாது; கைதான் காட்டும். பெருந்தமனி வால்வு சிறிதளவு கசிந்தாலும், நடுங்கும் கீழறையால் அந்த இரத்தத்தை வெளியே தள்ள முடியாது. நிமிடத்துக்கு நிமிடம் அறை நிரம்பி, பந்து போல இறுகிவிடும். உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோவில் இடது கீழறை உருண்டு திரண்டு தெரியும். அறுவை மருத்துவரின் உள்ளங்கைக்குத் தசை தளர்வாக இல்லாமல் இறுக்கமாகப் படும். இந்த நிலையில் எத்தனை ஷாக் கொடுத்தாலும் பலிக்காது, ஏனெனில் விரிந்த சுவரின் உட்புற அடுக்குக்கு இரத்தம் நுழையவே முடியாது. கீழறையிலிருந்து இரத்தத்தை உறிஞ்சும் வெண்ட் குழாய் வேலை செய்கிறதா, எங்கேனும் மடிந்திருக்கிறதா, உறிஞ்சும் வேகம் போதுமா என்று பார்த்து அறையைக் காலி செய்ய வேண்டும்; வெண்ட் இல்லையென்றால் வைக்க வேண்டும்; அதுவரை கையால் மெதுவாக அழுத்தியேனும் வெளியேற்ற வேண்டும். இறுகியிருந்த கீழறை காலியானவுடன் நடுக்கத்தின் தன்மையே மாறி, அடுத்த ஒரே ஷாக்கில் துடிப்பு திரும்புவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அடங்காத நடுக்கத்துக்கான காரணங்களில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான் என்பது என் கணிப்பு.

பிறகு கரோனரித் தமனிகள். இதயத்தைத் திறந்து செய்யும் எந்த அறுவைக்குப் பின்னும் உள்ளே காற்று தங்கும். நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால் வலது கரோனரித் தமனியின் வாய் மேற்புறம் இருக்கிறது. காற்றுக் குமிழி மேலே ஏறி நேராக அதற்குள் போகிறது. கண் முன்னே வலது கீழறை வெளிறி, விரிந்து, சோம்பிப்போகும், ஈ.சி.ஜி.-யின் கீழ்ப்புற லீடுகளில் எஸ்.டி. உயரும், துடிப்புக் கடத்தல் தடைபடலாம் அல்லது நடுக்கம் வரலாம். சில நேரங்களில் தமனியின் மேற்பரப்பில் குமிழிகள் வரிசையாக நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். இதற்கு மருந்து அழுத்தமும் பொறுமையும். பெருந்தமனி வேரில் உள்ள ஊசியால் காற்றை உறிஞ்சிக்கொண்டே, பைபாஸில் அழுத்தத்தை உயர்த்தி வைத்தால் குமிழி சிறு தமனிகளைக் கடந்து போய்விடும். பத்து நிமிடங்களில் அதே வலது கீழறை சிவந்து நன்றாகச் சுருங்கும். காற்று என்றால் நேரம் தீர்த்து வைக்கும். ஆனால் நேரம் தீர்க்காத காரணங்களும் உண்டு: அடைபட்ட தமனியைத் தாண்டி இரத்தம் போக வைத்த பைபாஸ் இணைப்புக் குழாய் முறுக்கிக்கொண்டது, தையல் இறுகிவிட்டது, செயற்கை வால்வின் விளிம்பு கரோனரி வாயை மறைக்கிறது, மைட்ரல் வால்வு வளையத்தில் போட்ட தையல் அதன் அருகிலேயே ஓடும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனியைப் பிடித்துவிட்டது. இதயச் சுவரின் ஒரே பகுதி மட்டும் அசையாமல் இருப்பதை எக்கோவில் கண்டால், அந்தப் பகுதிக்குரிய தமனியைச் சந்தேகித்து, அதைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு மணி நேரம் நின்று முடித்த தையலை மீண்டும் பாருங்கள் என்று ஓர் அறுவை மருத்துவரிடம் சொல்வது எளிதல்ல. ஆனால் அதைச் சொல்வதற்காகத்தான் மயக்கவியல் மருத்துவர் அங்கே எக்கோ கருவியோடு நிற்கிறார்.

பெருந்தமனி வால்வு சுருங்கியதால் ஆண்டுக்கணக்கில் தடித்துப்போன இடது கீழறையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அந்தத் தடித்த சுவரின் ஆழத்துக்குக் கார்டியோப்ளீஜியா சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கிளாம்பை எடுத்த பிறகு மிகப் பிடிவாதமான நடுக்கங்கள் வருவது இத்தகைய இதயங்களில்தான். இங்கே முன்கூட்டிச் செய்வதே முறை. கிளாம்பை எடுக்குமுன் வெதுவெதுப்பான இரத்தக் கார்டியோப்ளீஜியாவைக் கடைசியாக ஒருமுறை செலுத்துவது, எடுப்பதற்குச் சற்று முன் லிடோகைன் கொடுப்பது, எடுத்த உடனே அழுத்தத்தை நல்ல அளவில் வைப்பது ஆகியவை நடுக்கத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன. குழந்தைகளுக்காகப் பெட்ரோ டெல் நிடோவின் குழுவினர் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கி, இப்போது பெரியவர்களிலும் பரவலாகப் பயன்படும் டெல் நிடோ கரைசலில் லிடோகைனும் மெக்னீசியமும் சேர்ந்தே இருக்கின்றன; அதைப் பயன்படுத்தும்போது கிளாம்பை எடுத்தபின் ஷாக் தேவைப்படுவது குறைகிறது.

மருந்துகளை இவ்வளவு பின்னுக்குத் தள்ளிப் பேசுவதால் அவை வேண்டாம் என்று பொருளில்லை. காரணத்தைச் சரிசெய்துகொண்டே லிடோகைன் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி., அமியோடரோன் 150 முதல் 300 மி.கி. கொடுப்பது சரியான நடைமுறை. அமியோடரோன் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும், நாடித் துடிப்பையும் மந்தமாக்கும். பைபாஸிலிருந்து வெளியேறும்போது அதன் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்தே கொடுக்க வேண்டும். நான் அதிகம் அஞ்சுவது அட்ரினலினைப் பற்றி. நடுக்கம் அடங்கவில்லை என்ற பதற்றத்தில் அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், தசையின் ஆக்சிஜன் தேவை ஏறி, நடுக்கத்துக்கு மேலும் எரியூட்டியதாகவே முடியும். துடிப்பு திரும்பி உடனே நடுக்கத்துக்குப் போகும் சுழற்சியில் சிக்கிய இதயத்துக்கு, எதிர்த்திசையில், எஸ்மோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்து கைகொடுக்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 9 நிமிடங்களே என்பதால், பைபாஸின் பாதுகாப்பில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன் விளைவு மறைந்தபின் வெளியேறலாம். ஈ.சி.ஜி.-யில் நீண்ட க்யூ.டி. இடைவெளியால் வரும் முறுக்கு வகைத் துடிப்புக்கு மட்டும் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே அமியோடரோன் நிலைமையை மோசமாக்கும். மெக்னீசியமும் பேசிங் எனும் வேகமான மின்தூண்டலும்தான் மருந்து.

இவ்வளவும் செய்த பிறகும் நடுக்கம் தொடர்ந்தால், பலர் தயங்கும் ஒரு வழி இருக்கிறது: இதயத்தை மீண்டும் நிறுத்திவிடுவது. பெருந்தமனியை மறுபடி கிளாம்ப் செய்து, வெதுவெதுப்பான இரத்தக் கார்டியோப்ளீஜியாவைச் சில நிமிடங்கள் செலுத்தினால் நடுக்கம் முழுமையாக நிற்கும். நடுங்கிக் களைத்த தசை, வேலையின்றி ஆக்சிஜனை மட்டும் பெற்றுத் தன் சேமிப்பை நிரப்பிக்கொள்ளும். கிளாம்பை மறுபடி எடுக்கும்போது பல இதயங்கள் ஷாக்கே இல்லாமல் துடிக்கின்றன. கிளாம்ப் செய்ய இயலாத நிலையில், பைபாஸ் இயந்திரத்துக்குள்ளேயே அளவாகப் பொட்டாசியத்தைக் கொடுத்துத் துடிப்பைச் சற்று நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. பிறகு அந்தப் பொட்டாசியத்தை நீக்கும் பொறுப்பு நம்முடையது. இதைத் தோல்வியாகக் கருதி, மேலும் பத்து ஷாக் கொடுத்த பிறகே யோசிப்பவர்கள், தசையைக் காப்பாற்றுவதற்கான நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

பைபாஸுக்கு முன் வரும் துடிப்புக் கோளாறுக்கு இந்த நிதானம் பொருந்தாது. இடது முதன்மைக் கரோனரித் தமனி அடைபட்டவருக்கோ, பெருந்தமனி வால்வு மிகச் சுருங்கியவருக்கோ, மார்பைத் திறந்துகொண்டிருக்கும்போது மேலறை நடுக்கம் வேகமாக வந்தால், மேலறையின் உந்துதலை இழந்த தடித்த கீழறை நிரம்பாமல் அழுத்தம் சரியத் தொடங்கும். குறைந்த அழுத்தம் கரோனரி ஓட்டத்தைக் குறைக்கும். அடுத்த சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடலாம். இங்கே மருந்து ஏற்றி வேகம் குறையட்டும் எனக் காத்திருக்க இடமில்லை. துடிப்போடு ஒத்திசைத்த ஷாக் உடனடியாக. பலிக்கவில்லை என்றால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கொடுத்து, கிடைக்கும் வழியில் குழாய் பொருத்திப் பைபாஸுக்குப் போய்விடுவது. அதற்கான தயாரிப்பு, அதாவது ஹெபாரின் சிரிஞ்சில் ஏற்றப்பட்டு, இயந்திரம் நிரப்பப்பட்டு இருப்பது, அறுவைத் தொடக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

மறுபக்கத்தில், துடிப்பே வராமல் அடம்பிடிக்கும் இதயங்களும் உண்டு. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கடத்தும் இழை, கீழறைச் சுவர்த் துளையின் விளிம்பையும் பெருந்தமனி வால்வின் வளையத்தையும் மிக நெருக்கமாக ஒட்டிச் செல்கிறது; அங்கே போடும் ஒரு தையலோ வீக்கமோ கடத்தலை முழுமையாக நிறுத்திவிடும். இதய அறுவையின் தொடக்க ஆண்டுகளில் குழந்தைகள் பலர் இதனாலேயே இறந்தனர். 1957-இல் மினியாபொலிஸில் வால்டன் லில்லிஹை இதயத் தசையில் கம்பியைத் தைத்து, சுவரில் உள்ள மின்சாரத்தில் இயங்கிய கருவியோடு இணைத்துத் துடிக்கவைத்தார். அதே ஆண்டு நகரில் ஏற்பட்ட மின்தடை அந்த ஏற்பாட்டின் ஆபத்தைக் காட்டியபின், எர்ல் பேக்கன் மின்கலத்தில் இயங்கும் கையடக்கப் பேஸ்மேக்கரைச் சில வாரங்களில் செய்து தந்தார். இன்று மார்பை மூடுவதற்கு முன் நாங்கள் வைக்கும் மெல்லிய கம்பிகள் அவற்றின் நேர் வாரிசுகள். மேலறைக்கு ஒரு சோடி, கீழறைக்கு ஒரு சோடி வைத்து, இரண்டையும் வரிசைப்படி நிமிடத்துக்கு 80 முதல் 90 முறை தூண்டினால், கீழறையை மட்டும் தூண்டுவதைவிட இரத்த வெளியேற்றம் தெளிவாகக் கூடும். நின்றுபோன மேலறை உந்துதல் திரும்புவதன் பலன், விறைத்த கீழறை உள்ளவர்களில் மானிட்டரில் அப்போதே தெரியும். கம்பியின் பிடிப்பை மார்பு திறந்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். எலும்பை மூடிய பிறகு பிடிப்பு போதவில்லை என்று அறிவதால் யாருக்கும் பயனில்லை.

குழந்தைகளில், குறிப்பாக ஃபாலோ நான்கு குறைபாடு போன்ற பிறவி இதயக் கோளாறுகளைச் சரிசெய்த பிறகு, ஜங்ஷனல் வேகத்துடிப்பு என்ற ஒன்று வரும். ஷாக்குக்கு அது சற்றும் அசையாது, ஏனெனில் அது மின் அலை ஒரே வட்டத்தில் சுழல்வதால் வருவதன்று. கடத்தல் இழையின் அருகிலுள்ள செல்கள் தாமாகவே வேகமாகத் துடிப்பதால் வருவது. உடலை 34, 35 டிகிரிக்குக் குளிர்விப்பது, அட்ரினலின் வகை மருந்துகளை இயன்றவரை குறைப்பது, வலியையும் காய்ச்சலையும் அடக்குவது, அமியோடரோன் கொடுப்பது, அந்தத் துடிப்பின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக மேலறையைத் தூண்டி ஒழுங்கை மீட்பது ஆகியவையே வழி. பெரியவர்களின் கீழறை நடுக்கத்தில் சூடேற்றுவதும் இங்கே குளிர்விப்பதும் மருந்தாக இருப்பதிலிருந்தே, துடிப்பின் பெயரை மட்டும் அறிவது போதாது, அது எப்படி உண்டாகிறது என்பதையும் அறிய வேண்டும் என்பது புரியும்.

அறுவை முடிந்து இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் மேலறை நடுக்கம் தனிக் கட்டுரைக்கு உரியது; அறுவை அரங்கில் நாம் செய்வது அதைப் பாதிக்கும் இரு செய்திகளை மட்டும் சொல்கிறேன். நியூயார்க்கில் 420 நோயாளிகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இதய உறையின் இடது பின்புறத்தில் ஒரு சிறு திறப்பு வைத்துத் தேங்கும் நீரை வடியவிட்டதாலேயே மேலறை நடுக்கம் 32 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடாகக் குறைந்தது. பொட்டாசியத்தை எப்போதும் 4.5-க்கு மேல் வைத்தாக வேண்டும் என்ற நெடுநாள் பழக்கத்தை, கரோனரி பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,690 பேரிடம் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள், 3.6-க்குக் கீழே போனால் மட்டும் கொடுப்பதும் மேலறை நடுக்கத்தைத் தடுப்பதில் அதற்குக் குறைந்ததாக இல்லை. கிளாம்பை எடுத்தபின் அடங்காமல் நடுங்கும் கீழறைக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. அந்தச் சில நிமிடங்களில் நான் இன்னமும் 4.5-ஐயே நாடுகிறேன்.

எல்லாம் பார்த்தாயிற்று, காரணம் எதுவும் அகப்படவில்லை, அல்லது அகப்பட்ட காரணம் உடனே தீராதது என்றால், இதயத்துக்கு ஓய்வு கொடுப்பதே மீதி. பெருந்தமனிக்குள் வைக்கும் பலூன் கரோனரி ஓட்டத்தை உயர்த்தும்; அதுவும் போதாதபோது, இதயத்தின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ கருவியில் வைத்து, வெண்ட் மூலம் இடது கீழறையைக் காலியாக வைத்து, ஒரு நாளோ இரண்டு நாளோ தசை மீளக் காத்திருக்கலாம். எக்மோவில் வைத்துவிட்டோம் என்பதற்காகக் கீழறை நடுக்கத்தை அப்படியே விட்டுவைப்பது மட்டும் ஆபத்து; வால்வு திறக்காத அறையில் இரத்தம் தேங்கி உறையும், நுரையீரலும் நீர் கோக்கும்.

நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனபின் நடுக்கம் திரும்பினால் முறை மாறுகிறது. அங்கே கீழறை நடுக்கம் கண்ட உடனே, ஒரு நிமிடத்துக்குள் முடியுமானால், மார்பை அழுத்துவதற்கு முன்பே அடுத்தடுத்து மூன்று ஷாக் கொடுக்க வேண்டும், ஏனெனில் புதிதாகத் தைத்த எலும்பும் இதயமும் அழுத்தத்தில் கிழியக்கூடும். வழக்கமான முழு அளவு அட்ரினலின் கொடுக்கக் கூடாது. துடிப்பு திரும்பும்போது ஏறும் அழுத்தத்தில் தையல்கள் பிரியும். மூன்று ஷாக்கும் பலிக்கவில்லை என்றால் அழுத்தத்தைத் தொடங்கி, ஐந்து நிமிடங்களுக்குள் மார்பை மறுபடி திறக்க வேண்டும். அதற்கான சிறு கருவிப் பெட்டி படுக்கைக்கு அருகே இருக்கிறதா, மார்பெலும்பைத் தைத்த கம்பியை வெட்டும் கருவி அதில் இருக்கிறதா, உள் பேடில்கள் அந்தப் பிரிவின் டிஃபிப்ரிலேட்டரோடு பொருந்துகின்றனவா என்பதை நோயாளியை ஒப்படைக்கும்போதே நான் கேட்டுவிடுவேன். அறுவை அரங்கில் அந்த நடுக்கம் எதற்கு அடங்கியது, எதற்கு அடங்கவில்லை, எவ்வளவு அமியோடரோன் போயிருக்கிறது, எந்தப் பேஸ்மேக்கர் கம்பி எந்த அளவில் பிடிக்கிறது என்பதையும் செவிலியரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு தாளிலும் எழுதி வைப்பேன். இரவில் அது திரும்பும்போது படுக்கையருகே நிற்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.